பாக்கெட் காம்பேக்டா, சூப்பர்ஜூம் பிரிட்ஜா? தவறவிட்ட படங்களைக் கேளுங்கள்

கேள்வி இதுதான்: இதுவரை கைபேசியில் மட்டுமே படம் எடுத்த ஒருவர் முதன்முறையாகத் தனிக் கேமரா வாங்கப் போகிறார். அடுத்த மாதம் மகள் நடிக்கும் பள்ளி நாடகம், அவ்வப்போது பயணம், தோட்டத்துக்கு வரும் பறவைகள், முடிந்தால் முழுநிலா. இவ்வளவையும் எடுக்க ஆசைப்படுகிறார். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் காம்பேக்ட் ஒன்றும், மிக நீண்ட ஜூம் (சூப்பர்ஜூம்) உள்ள, உருவத்தில் பெரிய, லென்ஸ் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா ஒன்றும் ஏறத்தாழ ஒரே விலையில் இருக்கின்றன. லென்ஸ் மாற்றும் கேமரா வேண்டவே வேண்டாம் என்கிறார். எதை எடுப்பது?

இந்த இரண்டு வகையையும் வருடக்கணக்கில் வைத்துப் புழங்கியிருக்கிறேன். மாடல்களை ஒப்பிடும் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கைபேசியில் கடைசியாக எடுத்த இருநூறு, முந்நூறு படங்களை ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். அழிக்காமல் வைத்திருந்தும் உங்களுக்கே திருப்தி இல்லாத படங்கள் எவை, ஏன் திருப்தி இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், எடுக்க நினைத்து எடுக்காமலே விட்ட காட்சிகளையும் நினைவுக்குக் கொண்டுவந்து எழுதுங்கள். அந்தக் குறிப்பில் 'தூரமாக இருந்தது', 'சின்னதாக விழுந்தது' என்பது அதிகமா, 'இருட்டாக இருந்தது', 'ஆள் அசைந்துவிட்டார்' என்பது அதிகமா, 'கையில் கேமரா இல்லை' என்பது அதிகமா? தூரம் அதிகமென்றால் பிரிட்ஜ் பக்கம் போங்கள். இருட்டும் 'கையில் இல்லை'யும் அதிகமென்றால் காம்பேக்ட். இந்த ஒரு குறிப்பு தரும் விடையை எந்த விவரப் பட்டியலும் தராது. ஏனென்றால் பட்டியல் கேமராவைப் பற்றியது. நீங்கள் எந்தத் தூரத்தில் நின்று வாழ்க்கையைப் பார்க்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

இப்போது ஜூம் எண்ணைப் பற்றி. பெட்டியின் மேல் 40 மடங்கு, 65 மடங்கு, 125 மடங்கு என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது லென்ஸின் நீண்ட முனையைக் குறுகிய முனையால் வகுத்தால் வரும் எண், அவ்வளவுதான். நிக்கான் கூல்பிக்ஸ் பி1000, 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் (எல்லாக் கேமராவையும் ஒப்பிட உதவும் பொது அளவு அது) 24 முதல் 3000 மி.மீ. வரை போகிறது, 3000-ஐ 24-ஆல் வகுத்தால் 125. சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 அதே கணக்கில் 24 முதல் 600 வரை. எனவே 25 மடங்கு. பைக்குள் அடங்கும் கேனான் எஸ்எக்ஸ்740 எச்எஸ் 24 முதல் 960 வரை. எனவே 40 மடங்கு. 25-ஐவிட 40 பெரியது என்று பார்த்தால் சின்னக் கேமராதான் பெரியதைவிட மேல் என்று தோன்றும். படத்தை விரித்துப் பார்க்கும்போது அப்படி இருக்காது. காரணத்துக்குக் கீழே வருகிறேன். முதலில், மடங்கை மறந்துவிட்டு மி.மீ. எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்; அது பெரிதானால் தூரத்துப் பொருள் அந்த அளவுக்கு நெருங்கித் தெரியும்.

எத்தனை மி.மீ. தேவை என்பதைக் காகிதத்தில் போட்டே பார்த்துவிடலாம். மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். மகள் தலை முதல் கால் வரை தெரியவேண்டும், மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டால் படத்தின் உயரம் 1.5 மீட்டரை அடக்கவேண்டும். அதற்கு 240 மி.மீ. போதும். தோட்டத்துப் பறவை வேறு கதை. 20 செ.மீ. நீளமுள்ள பறவை 10 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை அது நிறைக்கவேண்டும் என்றால் 600 மி.மீ. வேண்டும். அதே பறவை 20 மீட்டருக்குத் தள்ளிப் போனால் 1200. நிலா வானத்தில் சுமார் அரை டிகிரி அகலம்தான். 200 மி.மீ.-இல் அது ஒரு வெள்ளைப் பொட்டு. 600-இல் படத்தின் உயரத்தில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. பள்ளங்கள் தெரியத் தொடங்கும். 2000-இல் உயரத்தின் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். 3000-இல் மேலும் கீழும் விளிம்பைத் தொட்டுவிடும்.

கவனித்தீர்களா, உங்கள் பட்டியலில் நாடகம் நீங்கள் நினைத்த அளவுக்குத் தூரம் இல்லை. 200 மி.மீ. வரை போகிற ஒரு பாக்கெட் காம்பேக்டே அதைச் சமாளித்துவிடும். பிரிட்ஜைக் கேட்பவை பறவையும் நிலாவும்தான்.

சரி, லென்ஸ் வழியாக வரும் ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சாருக்கு வருவோம். பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நீண்ட ஜூம் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் 1/2.3 அங்குலம் என்ற வகைச் சென்சார் இருக்கிறது. அதன் உண்மை அளவு சுமார் 6.2க்கு 4.6 மி.மீ.; சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதைவிடப் பெரிய வகையை '1 அங்குலம்' என்கிறார்கள். அந்தப் பெயரை நம்பி அளவுகோலை எடுக்கவேண்டாம். பழைய வீடியோ கேமராக்களின் கண்ணாடிக் குழாய்க்கு இருந்த வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயர் அது. உண்மையில் 13.2க்கு 8.8 மி.மீ.தான். ஆனாலும் பரப்பில் சின்னதைப்போல நான்கு மடங்கு. ஒரே வெளிச்சத்தில், ஒரே அப்பர்ச்சரில் (லென்ஸின் திறப்பு), ஒரே ஷட்டர் வேகத்தில் (ஒளியை உள்ளே விடும் நேரம்) நான்கு மடங்கு ஒளியைப் பிடிக்கிறது. ஐஎஸ்ஓ என்பது ஒளி உணர்திறன் எண், அது ஏற ஏறப் படத்தில் புள்ளிகள் கூடும்; சின்னச் சென்சாரில் ஐஎஸ்ஓ 400-இல் கிடைக்கும் சுத்தம் பெரியதில் ஏறத்தாழ 1600 வரை கிடைக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எல்லாச் சூப்பர்ஜூமிலும் பெரிய சென்சாரையே வைத்துவிட வேண்டியதுதானே? வைக்க முடியாது. சென்சார் சின்னதாக இருக்கும்போதுதான் குறுகிய லென்ஸே நீண்ட லென்ஸின் வேலையைச் செய்யும். பி1000 சொல்லிக்கொள்ளும் 3000 மி.மீ. என்பது ஃபிலிம் கணக்கு. லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 539 மி.மீ. மட்டுமே. சென்சாரை 1 அங்குல வகையாக மாற்றினால் அதே நெருக்கத்துக்கு ஏறத்தாழ 1100 மி.மீ. லென்ஸ் வேண்டும். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. குவியத்தூரத்தை அப்பர்ச்சர் எண்ணால் (எஃப்/4, எஃப்/8 என்று எழுதுவது; எண் சின்னதானால் திறப்பு பெரிது) வகுத்தால், ஒளி நுழையும் வாசல் எவ்வளவு அகலம் என்று கிடைக்கும். பி1000-இன் நீண்ட முனை எஃப்/8: 539-ஐ 8-ஆல் வகுத்தால் சுமார் 67 மி.மீ. ஆர்எக்ஸ்10 மார்க் 4-க்கு 220 மி.மீ., எஃப்/4: 55 மி.மீ. பாக்கெட்டில் போகும் எஸ்எக்ஸ்740-க்கு 172 மி.மீ., எஃப்/6.9: வெறும் 25 மி.மீ. வாசல் சின்னதானால் உள்ளே வரும் ஒளி குறைவு, நுணுக்கமும் குறைவு. எந்தக் கம்பெனியும் எந்த மென்பொருளும் இதைச் சுற்றிப் போக முடியாது. பையில் அடங்கும் தடிமனுக்குள் அகலமான முன்கண்ணாடியை வைக்க இடமே இல்லை. சின்னக் கேமராவில் நீண்ட ஜூம் இருக்கலாம், ஆனால் அந்த ஜூமின் கடைசிப் பகுதி நல்ல வெயிலில் மட்டுமே பயன்படும்.

விளிம்பு விளைவு என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒளி ஒரு துளை வழியாக வரும்போது கூரிய புள்ளியாகக் குவியாது, சிறு வட்டமாகப் பரவும். எஃப்/8-இல் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 10.7 மைக்ரான். 16 மெகாபிக்சல் உள்ள 1/2.3 அங்குலச் சென்சாரில் ஒரு பிக்சல் 1.3 மைக்ரானுக்குச் சற்று அதிகம். ஒரே புள்ளி எட்டுப் பிக்சல் அகலத்துக்குப் பரவி விழுகிறது என்று பொருள். 3000 மி.மீ.-இல் எடுத்த படத்தை முழு அளவில் பார்த்தால் நீர்வண்ண ஓவியம்போல ஏன் வழிந்து தெரிகிறது என்பதற்கு இதுதான் பெரிய காரணம். 20 மெகாபிக்சல் உள்ள 1 அங்குலச் சென்சாரில் எஃப்/4-இல் அந்த வட்டம் இரண்டு பிக்சலைத்தான் தாண்டும். அதனால்தான் 600 மி.மீ. பிரிட்ஜ் எடுத்த பறவைப் படத்தை வெட்டி 1200 மி.மீ. அளவுக்கு நெருக்கினாலும் இறகுகள் தெரிகின்றன. வெட்டியபின் 5 மெகாபிக்சல் மிச்சம். 6க்கு 9 அங்குல அச்சுக்கு அது தாராளம்.

பெரிய எண் உள்ளவை வீண் என்று சொல்ல வரவில்லை. நிலா, தொலைவில் இருக்கும் கோபுரம், மறுகரையில் நிற்கும் பறவை என்றால், 2000 மி.மீ. உள்ள பி900 (2015), பி950 (2020), 3000 மி.மீ. உள்ள பி1000 (2018) ஆகியவை காட்டுவதை அந்த விலையில் வேறு வகைக் கேமரா எதுவும் காட்டாது. பறவை இன்னது என்று அடையாளம் காண்பதுதான் நோக்கம் என்றால் படம் கொஞ்சம் மென்மையாக இருப்பது பொருட்டே இல்லை. சனிக்கோளின் வளையத்தை முதன்முறை கேமராத் திரையில் பார்த்த இரவை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தத் தூரங்களில் கேமராவைத் தவிர வேறொன்றும் குறுக்கே வரும்: காற்று. வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் சூடான காற்று நெளிவதால் நூறு, இருநூறு மீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நடுங்கும். எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அதிகாலையில் எடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் போங்கள்.

இருட்டுக்கு வருவோம். கை நடுக்கத்தை நிதானப்படுத்தும் வசதி இப்போது எல்லாக் கேமராவிலும் நன்றாகவே வேலை செய்கிறது. நீங்கள் அசைவதை அது ஈடுகட்டும். எதிரே இருப்பவர் அசைவதை ஈடுகட்டாது. நாடகத்தில் கை வீசி நடக்கும் குழந்தையை உறையவைக்க 1/250 நொடி வேண்டும். மேடை வெளிச்சத்தில் எஃப்/4-உம் ஐஎஸ்ஓ 1600-உம் வைத்தால் அது பெரும்பாலும் எட்டும். 1 அங்குலச் சென்சார் அந்த ஐஎஸ்ஓ-வை முகம் சுளிக்காமல் தாங்கும். எஃப்/6-க்கு மேல் போய்விட்ட சின்னச் சென்சார் 3200, 6400 என்று ஏறவேண்டியிருக்கும். அங்கே கண்ணிமையும் முடியும் கரைந்து பூசியதுபோல ஆகிவிடும். என் சொந்த வரம்பைச் சொல்கிறேன்: 1/2.3 அங்குலத்தில் ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்ட எனக்கு மனம் வராது, 1 அங்குலத்தில் 3200 வரை போவேன். வீட்டுக்குள், விளக்கொளியில், இரவு விருந்தில் என்றால் கேனான் ஜி7எக்ஸ் வரிசைபோல எஃப்/1.8-இல் தொடங்கி எஃப்/2.8-இல் முடியும் குறுகிய ஜூம் காம்பேக்ட், எந்தப் பெரிய சூப்பர்ஜூமையும்விட நல்ல படம் தரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தப் பேச்சில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: உங்கள் கைபேசி. காம்பேக்ட் வாங்குகிறவர்கள் இதை நினைப்பதில்லை. கைபேசி பல படங்களை நொடியில் எடுத்து ஒன்றாகச் சேர்த்து நாய்ஸை (இருட்டில் விழும் புள்ளிகளை) குறைக்கிறது. அகலக் கோணத்தில், அசையாத காட்சியில், அது சின்னச் சென்சார் காம்பேக்டை எப்போதோ தாண்டிவிட்டது. எனவே 1/2.3 அங்குலச் சென்சாரும் நாலைந்து மடங்கு ஜூமும் மட்டுமே உள்ள மெல்லிய காம்பேக்டை வாங்காதீர்கள். பத்து நாளில் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். காம்பேக்ட் கைபேசிக்குப் பக்கத்தில் இடம்பிடிக்க வேண்டுமென்றால் அதனிடம் இல்லாத ஒன்று வேண்டும். அது 1 அங்குலச் சென்சாரும் உண்மையான ஒளியியல் ஜூமுமாக இருக்கலாம்: சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 போல 24 முதல் 200 வரை, அல்லது பானாசோனிக் டிஇசட்200 போல 24 முதல் 360 வரை. இல்லாவிட்டால் ரிக்கோ ஜிஆர் 3 போல ஜூமே இல்லாமல், 28 மி.மீ. கோணத்தில், 1 அங்குலத்தைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி வகைச் சென்சாரோடு இருக்கலாம். ஜிஆர் உங்களுக்கு இல்லை. பறவை என்ற சொல்லைக் கேள்வியில் எழுதியவருக்கு அது பொருந்தாது. தெருவில் நடந்தபடி படமெடுப்பவர்களுக்கு அது மிக நல்ல கருவி, அதனால் சொன்னேன்.

சுமப்பதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஆனால் எடை எண்களைப் பார்க்கமாட்டார்கள். ஆர்எக்ஸ்100 மார்க் 7 சுமார் 300 கிராம். எஸ்எக்ஸ்740-உம் அவ்வளவே. கேனான் எஸ்எக்ஸ்70 எச்எஸ் பிரிட்ஜ், 21 முதல் 1365 மி.மீ. வரை போவது, 610 கிராம். பானாசோனிக் எஃப்இசட்1000 சுமார் 830. ஆர்எக்ஸ்10 மார்க் 4 ஏறத்தாழ 1.1 கிலோ. பி1000 ஒரு கிலோ நானூறு. கடையில் இரண்டு நிமிடம் கையில் பிடித்தால் எல்லாமே லேசாகத்தான் இருக்கும். கழுத்தில் மூன்று மணி நேரம் தொங்கும்போதுதான் தெரியும். ஆனால் என் அனுபவத்தில் எடையைவிடத் தடுத்தது வேறு. பிரிட்ஜைக் கொண்டுபோக வேண்டுமென்றால் தனிப் பை வேண்டும். தனிப் பை என்றால் 'இன்று படமெடுக்கப் போகிறேன்' என்று முன்கூட்டியே ஒரு முடிவு வேண்டும். காம்பேக்டுக்கு அந்த முடிவு தேவையில்லை. சாவியோடு சேர்ந்து அதுவும் வெளியே வந்துவிடும். என் வீட்டுக் குழந்தைகளின் மிக நல்ல படங்களில் பாதி, படமெடுக்கும் எண்ணமே இல்லாமல் வெளியே போன மாலைகளில் எடுத்தவை. மாறாக, குளக்கரையில் பன்னிரண்டு மீட்டர் தள்ளி வந்து உட்கார்ந்த மீன்கொத்தியை அந்தச் சின்னக் கேமராவில் எடுத்தேன். அச்சில் அது ஒரு நீலத் துளி. இரண்டும் என் குறிப்பேட்டில் இருந்த உண்மைகள். எனக்குப் பறவைகள் அதிகமாக இழப்பாகப் பட்டன, அதனால் பிரிட்ஜ் வாங்கினேன்.

பிரிட்ஜ் கேமராவின் உருவம் வெறும் பெருமைக்காக வந்ததில்லை. ஆழமான கைப்பிடி, லென்ஸுக்கு அடியில் இடது கை, நெற்றியில் அழுந்தும், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் என மூன்று இடத்தில் தாங்குவதால்தான் 600 மி.மீ.-ஐக் கையில் பிடித்து எடுக்க முடிகிறது. அதே 600-ஐ நீட்டிய கைகளோடு பின்திரையைப் பார்த்து எடுத்துப் பாருங்கள். பறவை சட்டத்துக்குள்ளேயே நிற்காது. உச்சி வெயிலில் திரை தெரியவும் செய்யாது. பல பாக்கெட் சூப்பர்ஜூம்களில் வியூஃபைண்டரே இல்லை, எஸ்எக்ஸ்740-இலும் இல்லை. காகிதத்தில் 960 மி.மீ. இருந்தும் கையில் அது பாதிக்குமேல் பயன்படாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆர்எக்ஸ்100 வரிசையில் மூன்றாம் மாடலிலிருந்து மேலே எழும்பும் சின்ன வியூஃபைண்டர் உண்டு. சின்னதுதான், ஆனால் இருப்பதற்கும் இல்லாததற்கும் மலையளவு வேறுபாடு.

நீண்ட ஜூமில் புதிதாக வருகிறவர்களைச் சோர்வடையச் செய்வது வேறு விஷயம்: பறவையைக் கண்டுபிடிப்பது. 2000 மி.மீ.-இல் கேமரா பார்ப்பது கிடைவாக்கில் ஒரு டிகிரி மட்டுமே, அதாவது இரண்டு நிலா அகலம். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பறவை வியூஃபைண்டரில் எங்கே என்று தேடுவதற்குள் பறந்துவிடும். முதலில் ஜூமைக் குறைத்து, பறவையை நடுவில் வைத்து, அப்புறம் மெல்ல நெருங்குங்கள். நிக்கானிலும் கேனானிலும் இதற்கென்றே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்: அழுத்திப் பிடித்தால் ஜூம் பின்வாங்கும், விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். ஒரு வாரம் பழகினால் கை தானாகச் செய்யும். பறக்கும் பறவை என்றால் ஜூமைவிட ஃபோக்கஸ் வேகம்தான் முக்கியம். சின்னச் சென்சார் சூப்பர்ஜூம்கள் பெரும்பாலும் தடவித் தடவித்தான் பிடிக்கும். ஆர்எக்ஸ்10 மார்க் 4 கட்ட வேறுபாட்டு முறையில் (தடவித் தேடாமல் நேராகப் போய்ப் பிடிக்கும் முறை) ஃபோக்கஸ் செய்வதால் அந்த வேலையில் தனியாக நிற்கிறது.

காம்பேக்டின் குறைகளையும் சொல்லவேண்டும். உள்ளிழுத்து வெளியே நீளும் லென்ஸ் பம்புபோலக் காற்றை இழுக்கும். பையிலிருக்கும் நூல்தூசி அதோடு உள்ளே போகும். என் பழைய காம்பேக்ட் ஒன்றில் வானம் வரும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் பொட்டு விழுந்தது. லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்பதால் சென்சாரைத் துடைக்க வழியில்லை. முழுக்கப் பிரித்துத்தான் சுத்தம் செய்தார்கள். அதிலிருந்து பையில் வேறெதோடும் சேர்க்காமல் மெல்லிய துணி உறைக்குள் வைக்கிறேன். கடற்கரை மணல் இதைவிட மோசம். ஒரு மணல் மாட்டினால் லென்ஸ் பாதியில் நின்றுவிடும். பிரிட்ஜும் நீளும் லென்ஸ்தான், ஆனால் அது பையின் அடியில் கிடப்பதில்லை. மின்கலமும் சிறியது: ஜிஆர் 3 ஒரு சார்ஜுக்கு 200 படம், ஆர்எக்ஸ்100 மார்க் 7 சுமார் 260. கூடுதலாக ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த விஷயத்தில் பெரிய பிரிட்ஜ்கள் எல்லாம் மேல் என்று நினைக்கவேண்டாம், பி1000-உம் 250 படம்தான்.

இன்னொரு சின்ன வேறுபாடு, ரா கோப்பு, அதாவது சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு. ஒளி குழப்பமாக இருக்கும் மேடைப் படங்களைப் பின்னால் சரிசெய்ய அது மிகவும் உதவும். இங்கே சொன்ன 1 அங்குலக் கேமராக்கள் எல்லாவற்றிலும் உண்டு. எஸ்எக்ஸ்70-இலும் பி950-இலும் பி1000-இலும் உண்டு. பி900-இலும் எஸ்எக்ஸ்740-இலும் இல்லை. வாங்கும்போது இதைப் பாருங்கள்.

இனி உங்களுக்கான விடை. நாலில் இரண்டு ஆசை தூரத்தில் இருக்கிறது, ஒன்று பாதித் தூரத்தில், இருட்டில். பயணத்தின் அகலக் காட்சிகளையும் தினசரிப் படங்களையும் கைபேசி பார்த்துக்கொள்ளும். ஆகவே பிரிட்ஜ். ஆனால் 60, 80 மடங்கு என்று போட்ட பிரிட்ஜை எடுக்காதீர்கள். மகளின் நாடகத்தில் அது உங்களைக் கைவிடும். 1 அங்குலச் சென்சார் உள்ளதைத் தேடுங்கள்: 25 முதல் 400 வரை, எஃப்/2.8 முதல் எஃப்/4 வரை உள்ள எஃப்இசட்1000 அல்லது அதன் இரண்டாம் பதிப்பு. பணம் அனுமதித்தால் 600 வரை போகும் ஆர்எக்ஸ்10-இன் மூன்றாம் அல்லது நான்காம் பதிப்பு. 400 மி.மீ. நிலாவுக்குக் குறைவுதான், வெட்டி எடுத்தால் பள்ளங்கள் தெரியும். தோட்டத்துப் பறவை பழகிவிட்டால் ஆறேழு மீட்டர் வரை வரும், அங்கே 400 போதும். கேள்வியைத் திரும்பப் படித்து 'நிலாவும் பறவையும் ஆசைக்குச் சொன்னேன், உண்மையில் மகளையும் பயணத்தையும்தான் எடுப்பேன்' என்று தோன்றினால், ஆர்எக்ஸ்100 மார்க் 7 போன்ற 24-200 காம்பேக்டே சரி. அப்போது பிரிட்ஜ் வேண்டாம். அந்தப் படங்களைப் புரட்டும் வேலையை ஏன் முதலில் சொன்னேன் என்பது இந்த இடத்தில் புரியும்.

1 அங்குல வகையில் கடந்த சில ஆண்டுகளாகப் புது பிரிட்ஜ்கள் அரிது, எனவே பழையதைப் பார்க்க நேரலாம். பழையதை வாங்கினால் ஒரு மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். அப்பர்ச்சரை எஃப்/8-இல் வைத்து வெள்ளைச் சுவரை ஃபோக்கஸ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். தூசி இருந்தால் பொட்டாகத் தெரியும். லென்ஸை முழுக்க நீட்டி, மடக்கி, சத்தத்தைக் கேளுங்கள். ஒரே சீராக இருக்கவேண்டும், கரகரப்போ தயக்கமோ கூடாது. நீண்ட முனையில், அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, தூரத்தில் எழுத்துள்ள பலகை ஒன்றை எடுத்து, நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் லென்ஸ் எப்போதோ அடிபட்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். வியூஃபைண்டருக்கும் திரைக்கும் மாற்றும் உணரி வேலை செய்கிறதா என்று கண்ணை வைத்து எடுத்துப் பாருங்கள்.

நாடகத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஒத்திகைக்கு உள்ளே விடுவார்களா என்று பள்ளியில் கேளுங்கள். விட்டால், நீங்கள் உட்காரப்போகும் வரிசையில் உட்கார்ந்து, ஷட்டர் 1/250, அப்பர்ச்சர் முழுத் திறப்பு, ஐஎஸ்ஓ தானியங்கி, உச்சவரம்பு 3200 என்று வைத்து எடுத்துப் பாருங்கள். முகங்கள் வெள்ளையாக வெந்துபோனால் வெளிச்ச ஈட்டை (+/- குறியுள்ள அமைப்பு) முக்கால் படி குறையுங்கள். பின்னணி கறுப்பாக இருக்கும் மேடையில் கேமரா எப்போதும் ஏமாந்து வெளிச்சத்தை அதிகம் கொடுக்கும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அந்தத் தூரத்துக்கு அதன் ஒளி போய்ச் சேராது, முன்வரிசைத் தலைகள்தான் வெளுக்கும். ஃபோக்கஸ் உதவி விளக்கையும் மறக்காமல் அணையுங்கள், அது மேடையில் நிற்கும் பிள்ளைகளின் கண்ணில் அடிக்கும். பீப் சத்தமும் வேண்டாம். அன்றைக்கு முன்வரிசை ஓரத்து இருக்கை கிடைக்கும்படி கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள்.